மதினிக்குப் பால் கட்டிவிட்டது: இப்போது என்ன செய்வது, கிராம சபையில் என்ன கேட்பது?

பாம்பன்_ஜெராக்ஸ்கடை:

வணக்கம். எங்கள் ஊர் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது அவசரம்.

என் மதினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சுகப்பிரசவம். மூத்தவனுக்கு இரண்டு வயது வரை பால் கொடுத்தவர் என்பதால் இந்த முறை அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கவில்லை. முந்தாநாள் முதல் இடது மார்பு இறுகிப்போய், ஒரு ஓரம் சிவந்து, துணி பட்டாலே கத்துகிறார். நேற்று ராத்திரி குளிர்காய்ச்சல். காம்பும் வெடித்திருக்கிறது. அம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் போட்டு அழுத்தி உருவ வேண்டும் என்கிறார். மருந்துக் கடையில் விசாரித்தால், பால் கெட்டிருக்கும், இரண்டு நாள் டின் பால் கொடுங்கள் என்று ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம். எதைக் கேட்பது?

இரண்டாவது விஷயம். மதினி கடற்பாசி எடுக்கப் போகிறவர். காலையில் வள்ளத்தில் போனால் திரும்ப மத்தியானம் தாண்டும். அண்ணன் விசைப்படகில் கூலி. மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது, அதனால் கூடிய சீக்கிரம் கடலுக்குப் போக வேண்டும் என்கிறார். சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்று சட்டம் இருப்பதாகக் கடைக்கு வரும் டீச்சர் ஒருவர் சொன்னார். எங்கள் தெருவில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைப் பேசலாம் என்று நாங்கள் சில பெண்கள் சேர்ந்திருக்கிறோம். பாலூட்டும் அறை ஒன்று கேட்கலாம் என்பது பெரும்பாலோர் யோசனை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. போன வருடம் ஒரு பேருந்து நிலையத்தில் இருந்த அறையைத் தேடிப் போனால் பூட்டு. சாவி யாரிடம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று பேனர் கட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். பால் கொடு, பால் கொடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ராத்திரி வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என்ன கேட்டால் உண்மையில் பயன் இருக்கும்?

ஓய்வு_நர்ஸம்மா:

தாயி, முதலில் மதினியைப் பார்ப்போம். ஊர் விஷயத்தை அப்புறம் பேசலாம்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக மண்டபம், திருப்புல்லாணி வட்டாரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீ சொல்வது பால் கட்டி, அது வீக்கமாகி, காய்ச்சலில் கொண்டுவந்து விட்ட நிலை. குளிர்காய்ச்சல் வந்துவிட்டதால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டு. பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் இருக்கிறது. பிள்ளை பால் குடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி மாத்திரை வாங்க வேண்டும், காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுவதும் போட வேண்டும். சிவந்த இடத்தில் கட்டி தனியாகத் திரண்டு கொழகொழவென்று இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அப்படியென்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுங்கள், ஸ்கேன் பார்த்து ஊசியில் உறிஞ்சி எடுப்பார்கள்.

பால் கெட்டுப்போகவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டு. அந்தப் பக்கமும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் கட்டு இன்னும் மோசமாகும். மார்பு இறுகி இருப்பதால் பிள்ளை வாயில் பிடிக்காமல் வழுக்கும். கொடுப்பதற்கு முன் காம்பைச் சுற்றியுள்ள கறுத்த வட்டத்தை விரல் நுனிகளால் உள்பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடிக்கச் சொல். இடம் இளகும். கொஞ்சம் கையால் பீய்ச்சிவிட்டுப் பிறகு பிள்ளையைப் போடச் சொல். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த ஈரத்துணி. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போடலாம்.

எண்ணெய் போட்டு உருவுவது வேண்டவே வேண்டாம். அழுத்தி உருவினால் உள்ளே வீக்கம் கூடும். அக்காவிடம் சண்டை போடாதே, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு மதினியை ஒரு மணி நேரம் தூங்க விடச் சொல், அது பெரிய உதவி. மல்லிகைப்பூ கட்டுவது பாலை வற்றவைக்கச் செய்கிற வேலை. பிள்ளை தவறிப்போன வீடுகளில் அந்தக் காலத்தில் செய்தார்கள். பால் வேண்டும் என்கிற வீட்டில் எதற்குப் பூவைக் கட்டுவது? தலையில் வைக்கட்டும்.

இப்போது காம்பு வெடித்த விஷயம். இதுதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன். பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் வெடிக்கும். வாய் நன்றாகத் திறந்து, கறுத்த வட்டத்தின் அடிப்பகுதியும் வாய்க்குள் போய், கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூத்தவனுக்குச் சரியாக வந்தது என்பதால் சின்னதுக்கும் வரும் என்று கணக்குப் போடக்கூடாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய் வேறு. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். கொடுத்து முடித்து இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே தடவிக் காற்றில் உலர விட்டால் போதும்.

பால் போதவில்லை என்று யாராவது ஆரம்பிப்பார்கள், நிச்சயம். பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று பார். அங்கன்வாடியில் எடை போடு, ஏறுகிறதா பார். இரண்டும் சரியென்றால் பால் போதும். உங்கள் பக்கம் பால்சுறா புட்டு கட்டாயம் செய்வீர்கள். செய்யுங்கள், நானும் நிறைய வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பெரிய சுறாவில் பாதரசம் சேரும், அதனால் சின்ன மீனாக எடுங்கள், காரல், சூடை எல்லாம் மலிவும் கூட. எதைத் தின்றாலும் பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்பவிடாமல் டப்பாவைத் திறந்தால் ஊறுவது குறையும், உடனே "பார்த்தியா, இவளுக்குப் பாலே இல்லை" என்பார்கள்.

டின் பாலில் எனக்கு இன்னொரு பயம் தண்ணீர். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற தெருவில், ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைத்து, பாட்டிலையும் கொதிக்கவைத்து யார் கலக்குவார்கள்? மே மாதம் வயிற்றுப்போக்கோடு வந்த கைக்குழந்தைகளின் வீடுகளில் முக்கால்வாசியில் பால் பாட்டில் இருக்கும். வெயிலுக்கு நாக்கு வறளும் என்று தனியாகத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம், ஆறு மாதம் வரைக்கும் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 100க்கு 88 பங்கு தண்ணீர்தான்.

கிராம சபையைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன். முதலில் டாக்டர்.

என்ஜின்_மெக்கானிக்:

ஆம்பளை இதில் பேசலாமா தெரியவில்லை. என் மனைவிக்கும் இதே மாதிரி வந்தது, ராத்திரி ஒரு மணிக்கு. 104 என்ற எண்ணை யாரோ சொன்னார்கள். அடித்தோம், எடுத்துப் பேசினார்கள், காய்ச்சல் எவ்வளவு, சீழ் வருகிறதா என்று கேட்டுக் காலையில் கட்டாயம் காட்டச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஒரு குரல் கிடைத்ததே எங்களுக்குப் பெரிசாக இருந்தது. இந்த எண்ணைப் படகு கட்டுமிடத்திலும் எழுதிப் போடலாம். புருஷன்மார் போனில்தான் காசு இருக்கும்.

கீழக்கரை_ராத்தா:

நான் கீழக்கரை. எங்கள் வீட்டில் உம்மா, மாமி, ராத்தாமார் என்று ஆளுக்குக் குறைவில்லை. நாற்பது நாள் அறையை விட்டு வெளியே விடமாட்டார்கள். இரண்டு வருடம் பால் கொடுப்பது குர்ஆனிலேயே இருக்கிறது என்பதால் கொடுக்கலாமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது. இவ்வளவு இருந்தும் எனக்கு முதல் வாரம் நரகம். சிசேரியன், வலப்பக்கம் திரும்ப முடியாது. பிறந்த அன்றே, நான் மயக்கத்தில் இருக்கும்போதே, ஒரு தனியார் மருத்துவமனையில் பிள்ளைக்குப் பாட்டிலில் பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது எங்கள் தெருவில் உள்ள ஒரு பெண். படிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை, நாலு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர். மூன்று நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருக்களித்துப் படுத்தபடி எப்படிக் கொடுப்பது, வயிற்றுத் தையலில் பிள்ளையின் கால் படாமல் அக்குளுக்குக் கீழே எப்படி இடுக்கிப் பிடிப்பது என்று காட்டினார். உம்மாவும் மாமியும் அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் அவர்கள் "கொடும்மா, கொடும்மா" என்றார்கள். இவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். பெரிய வித்தியாசம்.

அதனால் ஜெராக்ஸ்கடை தங்கச்சிக்கு என் கருத்து: அறை வேண்டும், ஆனால் அறைக்கு முன்னால் ஆள் வேண்டும்.

மருந்துக்கடை_சாயல்குடி:

எங்கள் தொழில் பெயரையும் ஒருவர் கெடுத்திருப்பதால் சொல்கிறேன். குழந்தைப் பால் மாற்று உணவு, பாட்டில் பற்றி 1992இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, 2003இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரி, பரிசு, தள்ளுபடி கொடுத்து விற்கக் கூடாது. மருத்துவமனைக்குள் பேனர், போஸ்டர் வைக்கக் கூடாது. டப்பாவிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று எழுதியிருக்க வேண்டும், குழந்தைப் படம் போடக் கூடாது. கேட்டு வருகிறவருக்கு விற்பது குற்றமில்லை. சில பிள்ளைகளுக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார், அது தேவைதான். மார்பு வலி என்று வந்து நிற்கிறவரிடம் டப்பாவை எடுத்து வைப்பது தப்பு.

ஓய்வு_நர்ஸம்மா:

சாயல்குடித் தம்பி சொன்னது சரி. ராத்தாவும் நான் எழுத நினைத்ததில் பாதியை எழுதிவிட்டார்.

தாயி, கட்டடம் கேட்டால் கட்டடம் வரும். கல்வெட்டும் வரும், அதில் பெயர்களும் வரும். 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அரசு திறந்தது நல்ல காரியம், பல இடங்களில் இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் சாவி யார் கையில் என்று எழுதாத அறை கொஞ்ச நாளில் சாமான் அறைதான். அதனால் அறை கேட்பதாக இருந்தால் இப்படிக் கேள்: பாசி வள்ளம் கரைக்கு வரும் இடத்துக்குப் பக்கத்தில், உள்பக்கம் தாழ்ப்பாளோடு, உட்கார்ந்து முதுகு சாய ஒரு திண்டு, ஒரு நல்ல தண்ணீர்க் குழாய். சாவி மகளிர் குழுவிடம். பேருந்து நிலையத்தில் இருப்பது பயணம் போகிறவளுக்கு. உங்களுக்குத் தேவை உப்புத் தண்ணீரில் ஊறி வருகிறவள் மார்பைக் கழுவிக்கொண்டு பிள்ளையை வாங்குகிற இடம். வெடித்த காம்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று மனு வாங்குகிறவருக்குத் தெரியாது, சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் முதல் கோரிக்கை ஆளாக இருக்கட்டும். பிரசவமாகி வீட்டுக்கு வந்த தாயையும் பிள்ளையையும் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அரசாங்கமே வைத்திருக்கிற முறை. நாங்கள் போவோம். ஆனால் ஒரு செவிலியருக்கு எத்தனை கிராமம், எத்தனை பதிவேடு, எத்தனை ஆன்லைன் பதிவு என்று நீ வந்து பார்க்க வேண்டும். கைக்குழந்தை வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எடை, தடுப்பூசி அட்டை, கையெழுத்து. பால் குடிக்கிறதா என்று கேட்போம், "குடிக்குது" என்பார்கள், எழுதிக்கொண்டு கிளம்புவோம். குடிப்பதைப் பார்க்க ஒரு முழுப் பாலூட்டல் நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும், அரை மணி நேரம். அதற்கு ஆள் போதாது. துணை சுகாதார நிலையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லித் தீர்மானம் போட்டு மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் மகளிர் குழுவில் பால் கொடுத்து அனுபவப்பட்ட இரண்டு மூன்று பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி கேளுங்கள். ராத்தா பக்கத்தில் அந்தத் தெருப் பெண் வந்து உட்கார்ந்தாரே, அந்த மாதிரி ஆள். நர்ஸம்மாவுக்குப் பதிலாக இல்லை, நர்ஸம்மாவுக்குச் சொல்லி அனுப்புகிற கண்ணாக. காய்ச்சல், சீழ், பிள்ளை எடை ஏறாதது, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இந்த நாலில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கிளினிக் நாளையும் கேளுங்கள். பாசிக்குப் போகிற நாளில் காலை பத்து மணிக்கு அம்மாமார் யாரும் கரையில் இல்லை. அந்த நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, வரவில்லை என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? எந்த நாட்களில் கடலுக்குப் போவதில்லை என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

காசு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு, மதினிக்கும் வர வேண்டும். தவணையாக வருவதால் தடுப்பூசிப் பதிவும் வங்கிக் கணக்கும் பொருந்தாமல் பல பேருக்கு நடுவில் நின்றுவிடுகிறது. உன் கடையிலேயே உட்கார்ந்து ஊரில் யார் யாருக்கு நின்றிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடு. நூறு பேச்சை விட அந்த ஒரு தாள் வேலை செய்யும். ஒரு வீட்டில் தவணை சரியாக வந்தால் இன்னும் ஒரு மாதம் கடலுக்குப் போகாமல் இருக்க முடியும், அதுவும் பாலூட்டும் உதவிதான்.

கைக்குழந்தையை விட்டுப்போக இடம் என்பது கடினம். அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகத்துக்கு மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது, ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை. கேட்டு வையுங்கள். ஆனால் அதை நம்பி மதினி இப்போது காத்திருக்க முடியாது.

மெக்கானிக் தம்பி, தாராளமாகப் பேசலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டுவது, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் டின் பால் சண்டை வந்தால் மருமகள் பக்கம் நிற்பது. இந்த மூன்றும் செய்.

பாம்பன்_ஜெராக்ஸ்கடை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மத்தியானமே டாக்டரிடம் காட்டிவிட்டோம். சீழ் இல்லை. மாத்திரை கொடுத்தார், பால் நிறுத்த வேண்டாம் என்று அவரும் சொன்னார். அதை அம்மா காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னார். இன்று காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அம்மா அந்த மல்லிகையைச் சாமிப் படத்துக்குப் போட்டுவிட்டார்.

உதவித்தொகைப் பட்டியல் ஆரம்பித்துவிட்டேன். கடைக்கு வந்தவர்களிடம் கேட்டதிலேயே நின்றுபோன கேஸ்கள் நிறைய. ஒருவருக்கு ஆதாரில் கணவர் பெயர் எழுத்து மாறியதால் நிற்கிறது, இது என் கையிலேயே சரி செய்கிற வேலை.

நர்ஸம்மா, இன்னொன்று கேட்க வேண்டும். மதினி எப்படியும் கடலுக்குப் போவார் என்று தோன்றுகிறது, தடுத்தாலும். பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாமா? எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மீன் ஐஸ் பெட்டிதான் இருக்கிறது.

ஓய்வு_நர்ஸம்மா:

காய்ச்சல் முழுவதும் விட்டு, காம்புப் புண் ஆறிய பிறகுதான் கடல். பீய்ச்சி வைக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வைக்க வேண்டும். 25 டிகிரிக்குள் இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள், நம் ஊர் ஓட்டு வீட்டில் அவ்வளவு நேரம் நம்பாதே. மீன் பெட்டி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். சின்னதாகப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, ஐஸ் நிறையப் போட்டு, மூடிய டப்பாவை உள்ளே வைத்தால் ஒரு நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துக் குளிர் போக்கினால் போதும், அடுப்பில் வைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மீதி வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, கொட்டிவிடு.

வள்ளம் ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கடலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வள்ளத்தில் ஏறிக் கொஞ்சம் பீய்ச்சிவிட வேண்டும், கடலிலேயே விட்டாலும் பரவாயில்லை. மூட்டை நிறையட்டும் என்று அடக்கிக்கொண்டிருந்தால் திரும்பவும் கட்டும். சேலைக்கு மேல் போடுகிற சட்டையை இறுக்கிக் கட்டுவார்கள், மார்பை அழுத்தாத அளவில் தளர்த்திக் கட்டச் சொல். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு உடனே பிள்ளை.

வீட்டில் உன் அம்மா கொடுக்கும்போது பாட்டில் வேண்டாம், பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னச் சங்குக் கிண்ணத்தில், கொடுக்கட்டும். அவருக்குக் கை பழகியிருக்கும். பிள்ளையின் தலையைத் தூக்கிப் பிடித்து, பாலாடையின் மூக்கு உதட்டோரம் பட, பிள்ளை தானாக நக்கி விழுங்குகிற வேகத்துக்குச் சரிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக்கில் வாங்காதே, எவர்சில்வரில் வாங்கு. ராமேஸ்வரம் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பார், ஓரம் மழுங்கலாக இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்து எடு.